இரண்டு ஊருக்கும் பொதுவான பழைய பாலம்: புதிதாகக் கட்ட நிதி பெறுவது எப்படி

ஓடைக்கு இந்தக் கரை ஓர் ஊராட்சி, அந்தக் கரை ஒரு பேரூராட்சி. நடுவில் தாத்தா காலத்து நாலு கண் பாலம். கைப்பிடிச்சுவர் பாதி தண்ணீருக்குள் கிடக்கிறது, ஸ்லாபின் அடியில் கம்பி துருவேறித் தெரிகிறது. இரண்டு பக்கத்தாரும் மனு கொடுத்திருப்பார்கள். இரண்டுக்கும் 'சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது' என்றே பதில் வந்திருக்கும். பணம் இருக்கிறதா என்ற கேள்வி வருவதற்கு முன்பே, பாலம் யாருடையது என்ற கேள்வியில் கோப்பு படுத்துவிடும். அதனால் அங்கேயே தொடங்குங்கள்.

யாருடைய பாலம்?

பாலத்தின் மேல் போகும் சாலை எந்தப் பதிவேட்டில் இருக்கிறதோ, பெரும்பாலும் பாலமும் அதில்தான் இருக்கும். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை மூன்றும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. அப்படியென்றால் ஊராட்சிப் பணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். நேரே கோட்டப் பொறியாளர் அலுவலகம் போகலாம். ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், பேரூராட்சித் தெரு என்றால் செயல் அலுவலர், நகராட்சி என்றால் ஆணையர்.

மதுரைப் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. பெரியாறு பிரதான கால்வாய், திருமங்கலம் பிரதான கால்வாய் போன்றவற்றின் குறுக்கே நிற்கும் பழைய பாலங்களில் பல, கால்வாய் வெட்டியபோதே பாசனத் துறை கட்டியவை. சாலை ஒன்றியத்துடையது, பாலம் நீர்வளத் துறையுடையது என்ற நிலை வரும். பாலம் யாருடையதாக இருந்தாலும் ஆறும் ஓடையும் நீர்நிலைப் புறம்போக்கு. ஆகவே இரண்டு ஊர் என்று நினைத்த விவகாரத்தில் மூன்றாவது ஆளாக நீர்வளத் துறை எப்போதும் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். மூன்றே கேள்வி: சாலைப் பதிவேட்டின் நகல், பாலம் கட்டிய ஆண்டு, கடைசியாகச் செய்த பராமரிப்பும் செலவும். ஒரே நாளில், ஒரே வாசகத்தில் எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்புங்கள். எல்லோருமே 'எங்களுடையது அல்ல' என்று எழுதினால் கவலை வேண்டாம். அந்தப் பதில்களைக் கோத்து ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வைத்தால், யார் பொறுப்பு என்று அவர்தான் முடிவு செய்தாக வேண்டும்.

ஒரே தீர்மானம், ஒரே கட்டும் துறை

இரண்டு ஊரும் தனித்தனியே எழுதும் தீர்மானங்கள் ஒன்றோடொன்று மோதும். ஒன்றில் 'பழுது நீக்கம்', மற்றதில் 'புதிய பாலம்' என்றிருக்கும். ஒன்றில் சர்வே எண் இருக்கும், மற்றதில் இருக்காது. ஒரே வரைவைத் தயாரித்து இரண்டு இடத்திலும் எழுத்து மாறாமல் நிறைவேற்றுங்கள். ஊராட்சிக்குக் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேரூராட்சிக்கு மன்றக் கூட்டம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலத்தில் தனி அலுவலரின் ஒப்புதல் வேண்டும்.

தீர்மானத்தில் இருக்க வேண்டியவை: பாலத்தின் இருப்பிடம், இரு கரையின் சர்வே எண்கள், பழையதை இடித்துப் புதிதாகக் கட்டச் சம்மதம், கட்டும் துறை எது, அணுகுசாலைக்கு நிலம் தரும் பொறுப்பு யாருக்கு, கட்டிய பின் பராமரிப்பு யாருடையது, இந்தப் பணி வேறு எந்தத் திட்டத்திலும் எடுக்கப்படவில்லை என்ற உறுதி. கடைசி வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே பாலம் இரண்டு திட்டத்தில் கேட்கப்பட்டது தெரிந்தால் இரண்டு கோப்புமே திரும்பும்.

செலவைப் பாதிக்குப் பாதி பிரிப்பது நியாயமாகத் தெரியும், நடைமுறைக்கு உதவாது. சிறிய ஊராட்சியின் பொது நிதி குடிநீருக்கும் தெருவிளக்குக்குமே இழுபறி. அதனால் பாலத்தின் செலவை அரசுத் திட்டத்தில் கேட்டு, உள்ளாட்சிகள் நிலம், விளக்கு, பராமரிப்பு ஆகியவற்றை ஏற்பதே எங்கள் பரிந்துரை. கட்டுவது மட்டும் ஒரே துறையாக இருக்கட்டும். ஆளுக்குப் பாதி ஸ்லாப் போட முடியாது.

பாலம் கெட்டது என்பதற்குச் சான்று

'இடிந்து விழும் நிலையில்' என்ற சொல்லுக்குக் கோப்பில் மதிப்பில்லை. உதவிப் பொறியாளரின் ஆய்வறிக்கைதான் பேசும். அவர் வரும் முன் நீங்கள் எடுத்து வைக்க வேண்டியவை: ஒவ்வொரு கண்ணின் அகலம், தளத்தின் அகலம், கம்பி தெரியும் இடங்கள், தூணில் வேர்விட்ட அரசங்கன்று, அஸ்திவாரத்தின் அடியில் மண் அரித்த பள்ளம். ஒவ்வொரு படத்திலும் டேப் தெரிய வேண்டும். மணல் அள்ளிய இடங்களில் ஆற்றுப் படுகை கீழே இறங்கி, ஒருகாலத்தில் புதைந்திருந்த அடித்தளம் வெளியே தெரியும். பாலத்தை மாற்றியே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் கிடையாது. அப்படிப்பட்ட பாலத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கைப்பிடியை மட்டும் சரிசெய்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். 'சமீபத்தில் பழுது பார்க்கப்பட்டது' என்று புதுப் பாலத்துக்குத் தடை வந்துவிடும்.

போக்குவரத்துக் கணக்கை ஏழு நாள் தொடர்ந்து எடுங்கள், சந்தை நாளும் அதில் வரும். அறுவடை இயந்திரம், வாழை லாரி, பள்ளிப் பேருந்து, ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் தனித்தனியே எழுதுங்கள். பாலம் மூடினால் எத்தனை கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்ற எண்ணையும் சேருங்கள்.

உயரம்தான் செலவைக் கூட்டும்

பழைய பாலம் இருந்த மட்டத்திலேயே புதுசு வராது. அதிகபட்ச வெள்ள மட்டத்துக்கு மேல் இடைவெளி விட வேண்டும். விநாடிக்கு 3 முதல் 30 கன மீட்டர் வரை ஓடும் ஓடைக்கு 600 மில்லிமீட்டர், 30 முதல் 300 வரை 900, 300 முதல் 3000 வரை 1200. வெள்ள மட்டத்தைப் பழைய வீட்டுச் சுவரில், கோயில் படியில் பெரியவர்களைக் கேட்டுக் குறித்து வையுங்கள். பொறியாளருக்கு அது பெரிய உதவி.

தளம் ஒன்றரை மீட்டர் உயர்ந்தால், முப்பதுக்கு ஒன்று சரிவில் ஒவ்வொரு பக்கமும் 45 மீட்டருக்கு அணுகுசாலை ஏற வேண்டும். கரையோர வீடுகளின் வாசல் பள்ளத்தில் போகும், கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள், தாங்குசுவர் தேவைப்படும். நிதி வந்த பிறகு இதைப் பேசினால் வழக்குதான். முன்கூட்டியே புலப்படத்தில் கோடு போட்டு, நிலம் தர இசைபவர்களிடம் தானப் பத்திரம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். வாய்ச்சொல்லை நம்பி எஸ்டிமேட் போடக் கூடாது.

எஸ்டிமேட்டில் மறந்துபோகும் வரிகள்

கணக்குப் புரிய ஓர் உதாரணம். பாலம் 200 லட்சம், அணுகுசாலை 35, கரைத் தடுப்பு 15 என்று 250 லட்சம் ஆகிறது. இதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 45. கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், 2.5. மின்கம்பமும் கூட்டுக் குடிநீர்க் குழாயும் மாற்ற 8. மேற்பார்வை, சில்லறைச் செலவுக்கு 2.5 சதவீதம் வைத்தால் 6.25. மொத்தம் 311.75 லட்சம். இரண்டரைக் கோடி என்று மேடையில் சொன்னது மூன்றைத் தாண்டிவிட்டது. நிலத்தின் விலையும், வேலை நடக்கும்போது போட வேண்டிய தற்காலிக மாற்றுப்பாதையும் இன்னும் சேரவில்லை. மண் பரிசோதனையைத் தவிர்த்துவிட்டு மதிப்பீடு போட்டால், தோண்டிய பிறகு பாறை ஆழத்தில் இருப்பது தெரிந்து திருத்திய மதிப்பீட்டுக்காக ஒரு வருஷம் நிற்பீர்கள்.

எந்தப் பணம் பொருந்தும்?

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி. மேலே சொன்ன பாலம் ஒன்றே அதை விழுங்கிவிடும். நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி, அது ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் சேர்த்து. மதுரை மாவட்டத்தில் இன்னொன்றும் கவனியுங்கள்: சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனி நாடாளுமன்றத் தொகுதியில், திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகரில். உங்கள் இரு கரைக்கும் ஒரே எம்.பி. என்று நினைத்துவிட வேண்டாம். இந்த நிதிகளை அணுகுசாலை, விளக்கு, தடுப்புச்சுவர் என்று முடியும் பகுதிகளுக்குக் கேளுங்கள். 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று. பாலத்துக்கு எட்டாது, படித்துறைக்கு எட்டும்.

ஊரகப் பகுதிப் பாலத்துக்குப் பொருத்தமானது நபார்டின் (வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி. 1995-96 முதல் இயங்குகிறது. ஊரக இணைப்புப் பணிக்கு 80 சதவீதம் வரை கடன் கிடைக்கும். கடனை வாங்குவதும் அடைப்பதும் மாநில அரசு, ஏழு ஆண்டில், முதல் இரண்டு ஆண்டு தவணை இல்லை. ஊராட்சியின் தலையில் கடன் ஏறாது. அதேசமயம் ஊராட்சி நேரடியாக விண்ணப்பிக்கவும் முடியாது. நெடுஞ்சாலைத் துறையின் நபார்டு மற்றும் கிராமச் சாலைகள் அலகு வழியாகவோ ஊரக வளர்ச்சி முகமை வழியாகவோதான் போக வேண்டும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் மத்திய-மாநிலப் பங்கு 60:40, ஆனால் உங்கள் சாலை அதற்குத் தேர்வான சாலைகளில் இருந்தாக வேண்டும்.

காலம்

பட்ஜெட்டும் மானியக் கோரிக்கையும் பொதுவாகப் பிப்ரவரிக்குப் பிறகு. எஸ்டிமேட் செப்டம்பர், அக்டோபருக்குள் மாவட்டத்தில் இருந்தால்தான் அந்தச் சுற்றில் ஏறும். அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் விலைப்பட்டியல் மாறி எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும்.

ஒப்பந்தம் போட்டதும் தண்ணீரைப் பாருங்கள். வைகை அணையில் இருப்பு இருந்தால் ஜூனில் கள்ளந்திரி வரையுள்ள இருபோகத்துக்கும், செப்டம்பரில் மேலூர், திருமங்கலம் ஒருபோகத்துக்கும் திறப்பார்கள். கால்வாய்ப் பாலத்தின் அடித்தளத்தை மார்ச் முதல் மே வரைக்குள் முடிக்க வேண்டும். வைகையில் சித்திரைத் திருவிழாவுக்குத் திறக்கும் தண்ணீரையும் கணக்கில் வையுங்கள். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றில் இந்த நாள்களைக் குறிப்பிட்டே கேளுங்கள், ஒப்பந்ததாரர் பிறகு சாக்குச் சொல்ல முடியாது.

ஒப்பந்தப்புள்ளி மதிப்பீட்டைவிடக் கூடுதலாக வந்தால் வித்தியாசத்தை யார் தருவது என்பதையும், புதுப் பாலத்தின் அடியில் சேரும் செடிகொடி, குப்பையை ஒவ்வொரு செப்டம்பரிலும் எந்த ஊர் அள்ளுவது என்பதையும் அந்த முதல் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பாலம் திறந்த மறுநாளே இரண்டு ஊரும் தகராறு செய்வது இதற்காகத்தான்.