லித்தியம் மாத்திரையோடு 14 வருடம்

மனநிலை ஏற்ற இறக்கத்தைச் சீராக வைக்கத்தான் லித்தியம் மாத்திரை. காபி டம்ளரைத் தூக்கும்போது விரல் லேசாக நடுங்கும். அது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் நடுக்கம் பெரிதாகி வாந்தி, பேதி, நாக்குழறல் சேர்ந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தத்தில் லித்தியம் ஏறியிருக்கலாம்.

6 மாதத்துக்கு ஒருமுறை லித்தியம் அளவோடு கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), தைராய்டு, கால்சியமும் பாருங்கள். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை வேளை மாத்திரை இருந்தால் அதை ரத்தம் கொடுத்த அப்புறம்தான் போட வேண்டும். எனக்கு ஆறாவது வருடம் தைராய்டு குறைந்தது. பரிசோதனையில்தான் தெரிந்தது, அதுவரை சோம்பல் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

கத்திரி வெயிலில் தண்ணீர் பாட்டில் கூடவே இருக்கட்டும். உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டிவலிக்கு மெடிக்கலில் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் நீங்களாக வாங்காதீர்கள், அவையும் ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். நான் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்கிறேன்.