பழைய பெரிய எஸ்எஸ்டி வாங்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

2 டெராபைட், 4 டெராபைட் கொள்ளளவுள்ள பழைய எஸ்எஸ்டிகள் (ஃபிளாஷ் சிப்பில் டேட்டாவைச் சேமிக்கும் டிரைவ்கள்) செகண்ட் ஹேண்டில் நிறையவே விற்பனைக்கு வருகின்றன. 2015-க்கும் 2020-க்கும் இடையில் வந்த நல்ல சாட்டா (வழக்கமான கேபிள் இணைப்பு) டிரைவ் ஒன்று வீட்டுக் கணினிக்கு இன்றும் தாராளமாகப் போதும். அதனால் பழையதை வாங்குவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வாங்குவதற்கு முன் அதைச் சோதிக்கும் விதத்தில்தான் கோளாறு. விற்பவர் டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளின் திரையைப் படம் எடுத்து அனுப்புகிறார். நீலப் பெட்டிக்குள் ‘குட் 94%’ என்று இருக்கிறது. அதோடு விசாரணை முடிந்து பணம் கைமாறிவிடுகிறது.

அந்த 94% டிரைவின் உடல்நிலையைச் சொல்வதில்லை. ஃபிளாஷ் செல்களை எத்தனை முறை அழித்து எழுதலாம் என்று தயாரிப்பாளர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அதில் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்பது மட்டுமே அந்த எண். டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் தடுமாறுகிறதா, படிக்க முடியாத இடங்கள் முளைத்திருக்கின்றனவா என்பதெல்லாம் அதில் சேராது. 98% காட்டிக்கொண்டே ஒரு டிரைவ் செத்துப்போகலாம். 60% காட்டும் டிரைவ் இன்னும் பல வருடம் ஓடலாம்.

சரி, எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதையாவது ஒழுங்காகப் பார்ப்போம். சாம்சங் சாட்டா டிரைவ்களில் ஸ்மார்ட் பட்டியலின் (டிரைவ் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு) 241-ஆம் வரி, இதுவரை எழுதிய செக்டர்களின் எண்ணிக்கை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் இதன் பெயர் எஃப்1 (241-இன் ஹெக்ஸ் வடிவம், அதாவது 16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை). எண்கள் ஹெக்ஸில் இருக்கும், அமைப்புகளில் போய் டெசிமலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே 351562500000 என்று இருந்தால், ஒரு செக்டர் 512 பைட் என்பதால் 512-ஆல் பெருக்க வேண்டும். விடை 180 டெராபைட். இது அதிகமா, குறைவா? 2 டெராபைட் 850 ஈவோவுக்கு சாம்சங் கொடுத்த எழுத்து வரம்பு 300 டெராபைட். பாதிக்கு மேல் போய்விட்டது. அதே 2 டெராபைட் 860 ஈவோவுக்கு வரம்பு 1200. வெறும் 15 சதவீதம்தான் தீர்ந்திருக்கிறது. எந்த மாடல் என்று தெரியாமல் 180 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

இந்த வரம்பையும் அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 850 ஈவோவில் 2 டெராபைட்டுக்கும் 300தான், 4 டெராபைட்டுக்கும் 300தான். செல்கள் இரண்டு மடங்கு இருந்தும் எண் மாறவில்லை. ஏனென்றால் அது வாரண்டிக்காக வைத்த கோடு, டிரைவ் சாகும் தேதி அல்ல. வீட்டுக் கணினி நாளுக்கு 20 ஜிபி எழுதினால்கூட வருடத்துக்கு 7.3 டெராபைட்தான் ஆகும். வீட்டு உபயோகத்தில் எழுதித் தேய்ந்து சாகும் எஸ்எஸ்டி அபூர்வம். அதனால்தான் எல்லோரும் பார்க்கும் அந்தச் சதவீதத்தை நான் கடைசியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது 187-ஆம் வரி: திருத்த முடியாமல் போன பிழைகள். இங்கே பூஜ்யத்துக்கு மேல் எது இருந்தாலும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். 5-ஆம் வரி, மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பிளாக்குகள். பழைய டிரைவில் ஒன்றிரண்டு இருப்பது சகஜம். ஆனால் சோதனைக்கு முன்னும் பின்னும் குறித்து வையுங்கள், கூடிக்கொண்டே போனால் விட்டுவிடுங்கள். 199-ஆம் வரியில் சிஆர்சி பிழை (டேட்டா கேபிள் வழியே போகும்போது நேரும் பிழை) இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கேபிள் கோளாறு. கேபிளை மாற்றியபின் எண் ஏறாமல் நின்றால் போதும். சாட்டாவைவிட வேகமான இணைப்புள்ள என்விஎம்இ டிரைவ்களில் இந்த வரி எண்கள் கிடையாது. அங்கே மீடியா பிழைகள், மீதமுள்ள ஸ்பேர் (மாற்று இடம்) என்ற இரண்டையும் பாருங்கள்.

எண்களைத் திருத்தியும் விற்கிறார்கள். அதைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. 2 டெராபைட் சாம்சங் டிரைவில் 180 டெராபைட் எழுதியிருந்தால், முழு டிரைவையும் 90 முறை நிரப்பியதாகக் கணக்கு. 177-ஆம் வரியில் இருக்கும் அழித்து எழுதிய சுற்றுகள் அதற்குச் சற்று மேலே இருக்க வேண்டும். 241 மிகக் குறைவாகவும் 177 பல நூறாகவும் இருந்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஓடிய நேரம் 40 மணி என்று காட்டும் ஆறு வருடப் பழைய டிரைவையும் இதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு வேகச் சோதனையை நம்புவது. கிரிஸ்டல்டிஸ்க்மார்க் ஓட்டினால் விநாடிக்கு 550 எம்பி வரும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அந்தச் சோதனை இப்போதுதான் எழுதிய சிறு கோப்பை உடனே திரும்பப் படிக்கிறது. பழைய எஸ்எஸ்டி தடுமாறுவது பழைய டேட்டாவில். 2013-இல் வந்த சாம்சங் 840 ஈவோ இதற்கு நல்ல உதாரணம். புதிதாக எழுதிய கோப்புகள் முழு வேகத்தில் வந்தன. மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த கோப்புகளோ ஹார்ட் டிஸ்கைவிட மெதுவாக வந்தன. செல்லில் இருக்கும் மின்னேற்றம் நாளாக நாளாக நகர்ந்துவிடுவதால் கன்ட்ரோலர் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டியிருந்தது. சாம்சங் 2014 அக்டோபரில் ஒரு புதிய ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கொடுத்தது, அது போதாமல் 2015-இல் இன்னொன்று கொடுத்தது. பழைய டேட்டாவை அவ்வப்போது புதுப்பித்து எழுதுவது அந்த இரண்டாவது தீர்வின் ஒரு பகுதி. இன்றும் 1 டெராபைட் 840 ஈவோ கிடைத்தால் ஃபர்ம்வேர் எது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

‘அப்படியென்றால் டிரைவ் முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்’ என்று ஒருவர் கிளம்பலாம். நல்ல எண்ணம்தான், ஆனால் இதிலும் ஒரு சிக்கல். விற்பவர் டிரைவை முழுதாக அழித்துக் கொடுத்திருந்தால், அதாவது டிரிம் (இந்த இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளை) ஆகியிருந்தால், நீங்கள் படிக்கும்போது கன்ட்ரோலர் ஃபிளாஷைத் தொடவே தொடாது. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பூஜ்யங்களை அனுப்பிவிடும். சோதனை பச்சையாக முடியும், நீங்கள் எதையும் சோதித்திருக்க மாட்டீர்கள்.

அதனால் முதலில் நிரப்புங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. இரண்டுமே காலியிடம் முழுவதையும் எழுதிவிட்டு, எழுதியதுதான் திரும்ப வருகிறதா என்று சரிபார்க்கும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி டிரைவ்கள் இங்கேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் கணினியை அணைத்து ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் விட்டு, மறுபடியும் படிக்கச் சொல்லுங்கள். அப்போது எங்கேயாவது வேகம் படுத்துவிட்டாலோ பிழை வந்தாலோ திருப்பிக் கொடுக்க வேண்டிய டிரைவ் அது. திருப்பிக் கொடுக்க இரண்டு வாரம் அவகாசம் தரும் கடையில் 500 ரூபாய் கூட இருந்தாலும் நான் அங்கேதான் வாங்கச் சொல்வேன்.

நிரப்பும்போதே இன்னொன்றும் தெரிந்துவிடும். ஒரே கொள்ளளவு, ஒரே கம்பெனி என்றாலும் உள்ளே இருக்கும் செல் வேறாக இருக்கலாம். 860 ஈவோவில் டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்), 860 க்யூவோவில் க்யூஎல்சி (செல்லுக்கு நான்கு பிட்). 2 டெராபைட் க்யூவோ தொடக்கத்தில் வேகமாகத்தான் எழுதும். அதிகபட்சம் 78 ஜிபி கேஷ் (வேகமாக எழுத ஒதுக்கிய தற்காலிக இடம்) தீர்ந்ததும் விநாடிக்கு 160 எம்பிக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் முழு டிரைவையும் நிரப்ப மூன்றரை மணி நேரம். ஈவோவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். விளையாட்டுகளும் படங்களும் வைத்துக்கொள்ள க்யூவோ போதும். பெரிய வீடியோ கோப்புகளை எடிட் செய்பவருக்கு எரிச்சலாக இருக்கும். விலை பேசும்போது பெயரில் இருக்கும் அந்த ஒரு எழுத்தைக் கவனியுங்கள்.

சர்வரில் இருந்து கழற்றிய 4, 8 டெராபைட் டிரைவ்களைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். சர்வர்களுக்கான இணைப்புள்ள சாஸ் டிரைவ் வீட்டு மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் இயங்காது. இன்னொரு சர்வர் இணைப்பான யு.2 டிரைவுக்குத் தனி அடாப்டரும் காற்றோட்டமும் வேண்டும். சில ஸ்டோரேஜ் பெட்டிகளில் இருந்து வருபவை 520 பைட் செக்டரில் இருக்கும், மறு ஃபார்மட் செய்யும்வரை விண்டோஸ் ஏற்காது. ஃபர்ம்வேரும் முக்கியம். எச்பிஇ நிறுவனத்தின் சில சாஸ் எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் டேட்டாவோடு நின்றுபோகும் என்று 2019 நவம்பரில் அந்த நிறுவனமே அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. அந்தத் திருத்தம் போடாத டிரைவ் 30,000 மணி ஓடிய நிலையில் உங்கள் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாங்கி வந்தபின் நடக்கும் குழப்பம் ஒன்று. பழைய ஹார்ட் டிஸ்கை 4 டெராபைட் டிரைவுக்கு குளோன் செய்கிறார்கள்; பாதி இடம் பயன்படுத்த முடியாமல் நிற்கிறது; டிரைவ் போலி என்று சண்டைக்குப் போகிறார்கள். பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகுதிப் பிரிப்பு முறையில் இருந்திருக்கும், அது 2 டெராபைட்டைத் தாண்டாது. புதிய முறையான ஜிபிடிக்கு மாற்றினால் சரியாகிவிடும்; பூட் டிரைவ் என்றால் மதர்போர்டு பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆக வேண்டும்.

இதையெல்லாம் தாண்டித் தேறிய டிரைவையும் குடும்பப் படங்களை ஏற்றி பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். எழுத்து வரம்பைத் தொட்ட வீட்டு எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் டேட்டாவை வைத்திருக்க வேண்டிய காலம் ஜெடெக் (சிப் துறையின் தர அமைப்பு) தரநிலைப்படி ஒரு வருடம், அதுவும் 30 டிகிரி வெப்பத்தில். வெப்பம் கூடினால் அந்தக் காலம் குறையும், நம் ஊர் மே மாதத்தில் மூடிய பீரோ 30 டிகிரியில் நிற்காது. பழைய எஸ்எஸ்டிக்கு இடம் தினமும் ஓடும் கணினிக்குள். பேக்கப்புக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.