பெரிய கைகளைப் பார்த்து வாசிக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

எனக்கு 15 வயதாக இருந்தபோது மாமா பம்பாயிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். அதில் நான் தேயத் தேயப் போட்டது ஒரே ஒரு கேசட். காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனக் கச்சேரி, அதாவது நாதஸ்வரக் கச்சேரி. வீட்டில் எல்லாரும் நாயனத்தைக் கேட்பார்கள். நான் தவிலை மட்டும் கேட்பேன். தவில் மட்டும் தனியாக வாசிக்கிற 'தனி' வருகிற இடத்தில் நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி ஓட விட்டு, பலகையில் குச்சியால் தட்டித் தட்டி ஒரு வருடத்தில் அந்தத் தனியைக் கையில் ஏற்றிவிட்டேன். வாத்தியார் முன்னால் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கேசட்டைக் கொண்டா" என்றார்.

கேசட்டைப் போட்டதும் அவர் தவிலைக் கவனிக்கவில்லை. சுருதிப் பெட்டியை எடுத்து, நாயனம் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி அளவில், நிற்கிறது என்று தேடினார். காருகுறிச்சியின் குருநாதர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைதான் பாரி என்கிற நீண்ட நாயனத்தைப் பிரபலமாக்கியவர். அது இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்கிற வாத்தியம். எங்கள் டேப் ரெக்கார்டரில் அது மூன்றில் பாடிக்கொண்டிருந்தது. மோட்டார் வேகமாக ஓடினால் டேப்பில் சுருதியும் ஏறும், காலப்பிரமாணமும், அதாவது தாளத்தின் வேகமும், ஏறும். இரண்டு கட்டை மூன்றாகிவிட்டால் வேகம் ஏறக்குறைய நூற்றுக்கு 12 பங்கு கூடியிருக்கிறது என்று கணக்கு. அந்த வித்வான் ஒருநாளும் வாசிக்காத வேகத்தை நான் ஒரு வருடம் சாதகம் செய்திருக்கிறேன். மணிக்கட்டில் வலி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். பெரிய வாத்தியக்காரர்களைக் கேட்டு வளர்வது நல்லது. அப்படி வளராமல் இந்த வித்தையில் யாரும் மேலே வந்ததில்லை. ஆனால் நாம் பெரும்பாலும் அவர் கையைப் பார்க்கிறோம். அவர் காது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கீழே சொல்லப்போகிற தவறுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதாம்.

இப்போது கேசட் இல்லை, கைப்பேசி இருக்கிறது. ஆபத்து குறையவில்லை. பழைய டேப் வேகமாக ஓடினால் சுருதி காட்டிக்கொடுத்துவிடும். இன்றைய செயலிகளோ சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. யாரோ விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று வேகம் கூட்டிப் போட்ட ஒரு துண்டைக் கேட்டால் காதுக்குச் சந்தேகமே வராது. ஒரே வித்வானின் இரண்டு மூன்று கச்சேரிகளையாவது முழுதாகக் கேட்டுக் காலப்பிரமாணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பக்கக் கேமராவில் எடுத்த வீடியோக்கள் கண்ணாடி போல இடவலம் மாறி வருவதும் உண்டு. தவிலில் வலது கை விரல்கள் வாசிக்கிற பக்கமான வலந்தலையில், கூடு (விரல் கவசம்) போட்ட விரல்கள் இடது கையில் தெரிந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் ஆறு மாதம் அப்படிப் பார்த்தே கையை மாற்றிப் பழகியிருந்தான். திருப்புவதற்கு ஒரு வருடம் ஆயிற்று.

இதைவிடப் பெரிய தவறு, தனியை மட்டும் கேட்பது. ஒரு மேளக் கச்சேரி மூன்று மணி நேரம் நடந்தால் தனி அதில் ஒரு பகுதி. மீதி நேரம் முழுக்கத் தவில்காரர் என்ன செய்தார்? பல்லவியில் எந்த இடத்தில் கையை அடக்கினார், அனுபல்லவிக்குப் போகும்போது எப்படி வழிவிட்டார், நாயனக்காரர் மூச்சு வாங்குகிற இடத்தைத் தவில் சொல்லால் (அடியால்) நிரப்பினாரா, சும்மா விட்டாரா? இதெல்லாம் தனியைவிடக் கடினம். கைதட்டல் வராத இடம் என்பதால் யாரும் கேட்பதில்லை. ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டு, முதல் பத்து தடவை குச்சியைத் தொடாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். எடுப்பு (பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம்) எங்கே என்று தெரியாமல் தீர்மானத்தை (முடிப்புச் சொற்கட்டை) மட்டும் மனப்பாடம் செய்தவன், பாட்டு அரை இடம் தள்ளி எடுத்த அன்றைக்கு மேடையில் தனியாக நிற்பான். நான் நின்றிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக் காப்பியடிப்பது இன்னொன்று. மிருதங்கத்தில் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். வலந்தலையை இடது கையாலும், தாழ்ந்த நாதம் தரும் மறுபக்கமான தொப்பியை வலது கையாலும் வாசித்தவர். அவருடைய தொப்பிக்கு ஏங்காத மிருதங்கக்காரர் இல்லை. தொப்பியில் எழும் அந்தக் கும்கி நாதத்தின் சுகத்துக்காக மிருதங்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டால் வந்துவிடுமா? அவருக்கு வலிமையான கை எது, அந்தக் கை எந்தப் பக்கம் விழுந்தது என்பதெல்லாம் அவர் உடம்போடு வந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நாதத்தின் அளவை: எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் நிற்க விட்டார், எந்தச் சொல்லுக்குப் பிறகு போட்டார் என்பதை.

பாளையங்கோட்டையில் தேவாலயப் பாடகர் குழுக்களில் டிரம்ஸ் வாசிக்கிற பிள்ளைகளுக்கும் நான் இதையே சொல்வேன். அவர்களுக்கு உதாரணம் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார். இடது கைப் பழக்கமுள்ளவர், ஆனால் வலது கைக்காரர்களுக்காக அடுக்கிய டிரம்ஸில்தான் உட்கார்ந்து வாசித்தார். டிரம்ஸைச் சுற்றி உருட்டி வரும்போது இடது கை முந்திக்கொள்ளும். அதனால் அவருடைய உருட்டல்கள் வேறு யாருக்கும் வராத ஒரு தயக்கத்தோடு, ஒரு சாய்வோடு விழும். உலகம் முழுக்க டிரம்ஸ்காரர்கள் அதைப் பிடிக்கப் பார்த்தார்கள். தன் உடம்பின் வசதிக் குறைவை அவர் மறைக்காமல் பாட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டார். நம் உடம்பில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடுவதுதான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது.

இனி எங்கள் ஊர்ப்பக்கம் நான் அதிகம் பார்க்கிற தவறு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பட்ட அடி எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் சுடலைமாடன் கோயில் கொடை விழா. நான் அப்போது 19 வயது, மேள செட்டில் இரண்டாவது தவில். சாமக்கொடை (நள்ளிரவுப் பூசை) நேரம், நையாண்டி மேளம் உச்சத்தில் இருக்கிறது, சாமியாடி கண் செருகி நிற்கிறார். அருள் ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் முழுதாக இறங்கவில்லை. எனக்கு அந்த வாரம்தான் ஒரு கச்சேரித் தனியிலிருந்து கண்ட நடையில் ஒரு கோர்வை (கோத்துக் கட்டிய முடிப்பு) கிடைத்திருந்தது. இளவட்டங்கள் நிறைய நின்றார்கள். வாசித்துவிட்டேன். ஐந்தைந்தாக ஓடி, சுற்றி வந்து, சுத்தமாகச் சமத்தில், தாளத்தின் முதல் அடியில், விழுந்தது. பையன்கள் விசிலடித்தார்கள். சாமியாடி கால் தடுமாறி நின்றார். ஆட்டம் அறுந்துவிட்டது.

பம்பை வாசித்த பெரியவர் வாத்தியத்தை நிறுத்தாமலே என் பக்கம் குனிந்தார். "ஏலே, நீ ஆருக்குல வாசிக்க? கூட்டத்துக்கா, சாமிக்கா? ஆடுதவர் காலப் பாருல." அவ்வளவுதான் சொன்னார். பிறகு அவரே பம்பையில் நடையைக் கீழே இறக்கி, சாமியாடியின் கால் அசைவுக்கு அரை மாத்திரை முன்னால் போய், கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல மறுபடி ஏற்றினார். பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் நான் கற்றது எந்தக் கேசட்டிலும் இல்லை. அவர் பெயரை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. என் வாசிப்பை மாற்றியவர்களில் அவரை முதலில் வைப்பேன்.

கச்சேரி மேடையில் ஜொலிக்கிற ஒரு கோர்வை கொடையில் பிழையாகலாம். கொடையில் உயிரைக் கொடுக்கிற ஒரே நடை கச்சேரியில் சலிப்பாகலாம். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கும்போது தவிலின் வேலை வேறு, கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தில் வேறு. நீங்கள் வியக்கிற வித்வான் அந்தச் சொல்லை எங்கே, எதற்காக, யாருக்குப் பின்னால் வாசித்தார் என்று தெரியாமல் எடுக்காதீர்கள்.

ஒரே ஒருவரைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்குக் காதை மூடிக்கொள்வதும் இங்கே நிறைய. "எங்க ஆளு மாதிரி வருமா" என்று சண்டைக்கு வருவார்கள். அந்தப் பெரியவர்கள் யாரும் அப்படி வளரவில்லை. மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன் நான்கு குருக்களிடம் பயின்றவர்: ஆறுபாதி நடேச ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், பாலக்காடு மணி ஐயர், கும்பகோணம் ரங்கு ஐயங்கார். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை ஒரு தவில்காரரிடம் லயம் கற்றவர். அவருடைய சீடர் முத்தையா பிள்ளையின் மகன்தான் மேலே சொன்ன பழனி சுப்பிரமணிய பிள்ளை. தவிலிலிருந்து கஞ்சிராவுக்கு, கஞ்சிராவிலிருந்து மிருதங்கத்துக்கு என்று ஒரு நூல் ஓடுகிறது பாருங்கள். வாத்தியம் மாறியும் அந்த நூல் அறுபடவில்லை.

நம் சீமையில் அப்படிக் கேட்பதற்கு வாத்தியங்களுக்குப் பஞ்சமே இல்லை. கணியான் கூத்துக்குப் போங்கள். மகுடம் என்கிற பறை இரண்டு இருக்கும். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். வாசிப்பதற்கு முன் நெருப்பில் காட்டித் தோலை விறைக்க வைப்பார்கள். உச்சம் பேசும்போது மந்தம் அதன் கீழே தரை மாதிரி கிடக்கும்; பாட்டுத் தலைவரான அண்ணாவி பாட்டை எடுத்தால் இரண்டும் தணியும். இரண்டு தவில் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் மேல் ஒருவர் ஏறி மிதிக்காமல் இருப்பது எப்படி என்பதை நான் அங்கேதான் படித்தேன். வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவரைக் கவனியுங்கள். தொப்பியின் ஆழம் உங்களுக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கும். தவில் பிள்ளைகள் இதையெல்லாம் தாழ்வாக நினைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. காது இருக்கிற எவனுக்கும் அவை பள்ளிக்கூடம்.

வாத்தியத்தை மாற்றினால் நாதம் வந்துவிடும் என்று கடன் வாங்கித் தவில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பலா மரக் கட்டை நன்றாக இருக்க வேண்டும், தோல் நன்றாக இருக்க வேண்டும், சரிதான். வார் பிடித்த காலம் போய் இரும்பு வளையமும் நட்டும் வந்ததால் இழுத்துக் கட்டுவது எளிதாகியிருக்கிறது. ஆனால் முதல் மூன்று வருடத்துக்கு உங்கள் கையில் இருப்பதே போதும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக்கை விரும்பாதவர். மைக் இல்லாமல் வாசிப்பதையே வலியுறுத்தினார். தோலின் நாதம் அதன் இயல்பான அளவில் காதில் விழ வேண்டும் என்று நினைத்தவர் அவர். தவிலோ பிறந்ததே வெட்டவெளிக்கு. அதற்கு முன்னால் மைக்கை வாயோடு வாயாக வைத்து, குழாய் ஒலிபெருக்கியில் விட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு மெல்லிய சொல் ஒன்று இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. பெரியவர்கள் ஓங்கி அடித்தது மட்டும் பதிவாகியிருக்கிறது என்று நினைக்கிறார்கள். நல்ல ஒலிப்பதிவை ஹெட்போனில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். வலந்தலையில் விரல் உராய்வது போல வருகிற சொற்கள் அப்போது தெரியவரும். சாதகத்தில் வலித்தால் நிறுத்துங்கள். வலியோடு வாசித்தால்தான் அசுர சாதகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணிக்கட்டு போன பிறகு கச்சேரியை விட்டவர்களை நான் அறிவேன்.

ஒருவரிடமிருந்து எடுத்ததை அவர் பெயரோடு சொல்வது எங்கள் வாத்தியார் காலத்து வழக்கம். "இது இன்னார் வழியில வந்த மோரா" என்று சொல்லித்தான் ஒரு முடிப்பைக் கற்றுக்கொடுப்பார். இன்றைக்கு வீடியோவில் பார்த்ததைச் சொந்தச் சரக்காக வாசித்துவிட்டுப் போகிறார்கள். உயிரோடு இருக்கிற ஒரு வித்வானின் கோர்வையை எடுத்தால் முடிந்தால் நேரில் போய் வணங்கிக் கேளுங்கள். நான் கேட்டுப் போன இடத்தில் யாரும் மறுத்ததில்லை. நான் தப்பாகப் புரிந்துகொண்ட இரண்டு இடங்களைத் திருத்தியும் அனுப்பினார்கள்.

ஆனியில் நெல்லையப்பர் தேருக்கு வருகிற பிள்ளைகள் பெரிய தவில் நிற்கிற பக்கமாக முண்டியடித்துக்கொண்டு போவார்கள், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. இந்த வருடம் வந்தால் தாளம் போடுகிறவர் பக்கத்தில் வந்து நில்லுங்கள். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். ரதவீதி ஒரு சுற்று முழுக்க அவர் கையைப் பார்த்துக்கொண்டே தவிலைக் கேளுங்கள். நானும் அங்கேதான் நிற்பேன்.