பள்ளி திறப்பதற்குள் மகளின் உறக்க நேரத்தைச் சீராக்கிய விதம்

மும்பையில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கும். பருவமழையும் ஏறத்தாழ அதே நாட்களில் வந்து சேரும். கோடை முழுவதும் திருநெல்வேலியில் ஆச்சியுடன் நள்ளிரவு வரை கதை பேசிப் பழகிய என் மகளால், மாட்டுங்காவுக்குத் திரும்பிய பின் காலை ஒன்பதரைக்கு முன் எழ முடியவில்லை. பள்ளிப் பேருந்தோ ஆறரைக்கே தெருமுனைக்கு வந்துவிடும்.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. ஐந்தேமுக்காலுக்கு எழ வேண்டுமானால் எட்டேமுக்காலுக்குள் உறங்கியாக வேண்டும். தூக்கம் வராத பிள்ளையைப் படுக்கச் சொல்லி வற்புறுத்துவதில் பயனில்லை என்பதால், நாள்தோறும் 15 நிமிடம் முன்னதாக எழுப்பி, உடனே பைவ் கார்டன்ஸ் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். காலை வெளிச்சம் கண்ணில் படுவதுதான் உடலின் உட்கடிகாரத்தை முன்னே நகர்த்துகிறது. இதற்கு முழுதாக இரண்டு வாரமாவது ஒதுக்க வேண்டும்.

பிற்பகல் தூக்கத்தை நிறுத்தி, அந்நேரத்தில் நோட்டுகளுக்குப் பழுப்புத் தாள் அட்டை போட்டோம். மடிப்பை அவள் அளவுகோலின் விளிம்பால் அழுத்தித் தேய்ப்பாள். நான் பெயர்ச்சீட்டு ஒட்டுவேன். பைகுல்லாவில் உள்ள ராணி பாக் உயிரியல் பூங்காவில் பென்குயின்களைப் பார்க்கவும் காலையிலேயே கிளம்பினோம். புத்தகப்பையையும் சேர்த்து மூடும் மழைக்கோட்டு ஒன்றை வாங்கியதோடு ஆயத்தம் முடிந்தது. பள்ளி திறந்த அன்று அவளை எழுப்ப ஒருமுறை கூப்பிட்டதே போதுமானதாக இருந்தது.