துவரைத் தளிர் ஏன் நீளவில்லை? திசு வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடித் துவரைக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தாவரவியல் படிக்கும் நம் பிள்ளைகள் திசு வளர்ப்புக்கு, அதாவது செடித் துண்டைப் புட்டிக்குள் சத்து ஊடகத்தில் வளர்ப்பதற்கு, அந்தத் துவரையையே எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் பயறு வகைகள் வாழையைப் போல எளிதில் இணங்காது.

அதிகம் சறுக்குவது, மொட்டுகளைக் கிளப்பும் ஹார்மோனான சைட்டோகைனினில்தான். பி.ஏ.பி. என்ற செயற்கை சைட்டோகைனினைக் கூட்டினால் மொட்டுகள் கொத்தாகக் கிளம்பும், பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். அளவு மீறினால் ஒன்றும் நீளாது. இலைகள் நீர் கோத்துக் கண்ணாடியாகிவிடும். அதே வேலையைச் செய்யும் தைடயசுரான் இன்னும் வீரியமானது. அதிலேயே நெடுநாள் விட்டால் தளிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குட்டையாக நின்றுவிடும். மொட்டு கிளம்பியதும் ஹார்மோன் குறைந்த அல்லது இல்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள். நீள்வதற்கு ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனைச் சேர்க்கலாம். அதை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலத்தில்) வைத்தால் சூட்டில் சிதையும். நுண்வடிகட்டியில் வடித்துப் பிறகு சேருங்கள். குறிப்பேட்டில் மொட்டு எண்ணிக்கையோடு, வேர்விடும் அளவுக்கு நீண்ட தளிர்கள் எத்தனை என்பதையும் எழுதுங்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

அப்புறம் இளநீர். நம் ஊரில் கைக்கெட்டும் பொருள் என்பதால் தாராளமாக ஊற்றிவிடுகிறார்கள். அதிலேயே சைட்டோகைனின், சர்க்கரை, அமினோ அமிலங்கள் எல்லாம் இருக்கின்றன. பத்து சதவீதம் சேர்த்தாலும் பி.ஏ.பி. கணக்கு மாறும். காய்க்குக் காய் வேறுபடவும் செய்யும். ஒரே பருவத்துக் காய்களின் நீரை ஒன்றாகக் கலந்து, பங்கு பிரித்து உறையவைத்து, சோதனை முடியும்வரை அதையே பயன்படுத்துங்கள். இளநீர் சேர்க்காத புட்டிகளும் கூடவே இருக்கட்டும்.

அடிப்படை ஊடகத்தையும் யோசிக்காமல் எடுக்கக் கூடாது. 1962இல் வந்த எம்.எஸ். (முராஷிகே–ஸ்கூக்) ஊடகம் புகையிலைத் திசுவுக்காக உருவானது. லிட்டருக்கு 1650 மி.கி. அம்மோனியம் நைட்ரேட் உண்டு, தயமின் (வைட்டமின் பி1) 0.1 மி.கி. மட்டுமே. 1968இல் காம்போர்க் குழு சோயா செல்களுக்காக உருவாக்கிய பி5 ஊடகத்தில் அம்மோனியம் மிகக் குறைவு, தயமின் 10 மி.கி. பயறுகளுக்கு எம்.எஸ். உப்புகளோடு பி5 வைட்டமின்களைச் சேர்க்கும் வழக்கம் பரவலாக உண்டு. அதிலிருந்தே தொடங்கலாம்.

தளிர் நுனி கருகினால் உடனே ஹார்மோன் பக்கம் ஓடாதீர்கள். கால்சியம் நுனிக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். இறுக்கி மூடிய புட்டிக்குள் ஈரம் தேங்கி, நீராவிப்போக்கு குறையும். கால்சியம் ஏறுவது அந்த நீரோட்டத்தோடுதான். காற்றுப் போகும் மூடியை முதலில் போட்டுப் பாருங்கள்.

ஊடகம் பழுப்பாகிறது என்று கரித்தூள் சேர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும்: அது பழுப்புக்குக் காரணமான பீனால்களோடு நீங்கள் போட்ட ஹார்மோனையும் உறிஞ்சிவிடும்.