பழைய ட்யூபா வாங்கும்போது சொட்டையைவிட வால்வைப் பாருங்கள்

பேண்டில் அடி ஓசை கொடுக்கும் பெரிய பித்தளை ஊதுவாத்தியம் ட்யூபா. பழையது ஒன்று மலிவாக விலைக்கு வருகிறது என்றால் எல்லோரும் முதலில் பார்ப்பது சொட்டையைத்தான். பெல் என்கிற அகன்ற வாய் நசுங்கியிருந்தால் வேண்டாம் என்று திரும்பிவிடுகிறார்கள். பளபளவென்று இருந்தால் கேட்ட விலையைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. பெல்லிலும் அடியில் உள்ள பெரிய வளைவிலும் விழுந்த சொட்டை பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, ஓசையை அவ்வளவாகக் கெடுக்காது. அதைப் பிறகு நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். உதடு வைத்து ஊதும் மவுத்பீஸைச் செருகும் குழாயில் இருக்கும் சின்னச் சொட்டைக்குத்தான் கவலைப்பட வேண்டும். குழாய் குறுகலாக இருக்கும் இடத்தில் சிறு நசுங்கலும் வாசிப்பைப் பாதிக்கும்.

பாலிஷ் விஷயம் இன்னும் மோசம். பஃபிங் சக்கரத்தில் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பித்தளை கொஞ்சம் தேய்கிறது. பெல்லில் பொறித்த எழுத்து மங்கி, விளிம்புகள் மழுங்கியிருந்தால் தகடு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். கறுத்துக் களிம்பேறிக் கிடக்கும் வாத்தியத்தை நான் இதைவிட அதிகம் நம்புவேன்.

ட்யூபாவின் உயிர் வால்வில் இருக்கிறது. அதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வால்வை அழுத்தாமல் அதற்குரிய ஸ்லைடை, அதாவது இழுத்து நீட்டக்கூடிய வளைகுழாயை, மட்டும் இரண்டு அங்குலம் வெளியே இழுங்கள். இரண்டு மூன்று விநாடி விட்டு வால்வை அழுத்துங்கள். 'டப்' என்று கணீரென்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே வராவிட்டால், வால்வு உறைக்குள் ஏறி இறங்கும் உருளையான பிஸ்டனோ ஸ்லைடோ தேய்ந்திருக்கிறது. எல்லா வால்விலும் இதைச் செய்து பாருங்கள். பிறகு மேல்மூடியைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளையான முலாம் போய் உள்ளே மஞ்சளாகத் தெரிகிறதா? மறுபடி முலாம் பூசி, உறைக்குத் தக்கபடி கடைந்து பொருத்த வேண்டியிருக்கும். மலிவாக வாங்கிய ட்யூபாவுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. திரும்பப் போடும்போது பிஸ்டனில் உள்ள எண்ணையும் உறையில் உள்ள எண்ணையும் ஒத்துப் பார்த்துப் போடுங்கள். மாற்றிப் போட்டுவிட்டு "காற்றே போகவில்லை" என்று வாத்தியத்தை ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு.

இங்கேதான் மிகப் பெரிய தவறும் நடக்கிறது. இரண்டாவது வால்வு இறுக்கமாக இருக்கிறது என்று பிஸ்டனை உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டாவது வால்வின் ஸ்லைடு சின்னது. வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். எங்காவது இடித்தால் அந்த அடி நேராக வால்வு உறைக்குள் இறங்கி, உட்சுவரைத் தலைமுடி அளவு உள்ளே தள்ளிவிடும். பிஸ்டன் சிக்குவது அதனால்தான். குறை உறையில் இருக்க, பிஸ்டனைத் தேய்த்துவிட்டால், நாளைக்கு உறையைச் சரிசெய்தபிறகு அந்த வால்வு ஆயுளுக்கும் கசியும். நல்ல கைவேலைக்காரர் உறையை நேராக்கும் வேலைதான் இது. தேய்த்த உலோகம் திரும்ப வராது.

அடுத்தது சுருதி. பழைய பிரிட்டிஷ் வாத்தியம் மலிவாகக் கிடைத்தால் முதலில் இந்தச் சந்தேகம் வர வேண்டும். இங்கிலாந்தின் பித்தளை பேண்டுகளும் இரட்சணிய சேனை பேண்டுகளும் 1960களின் நடுப்பகுதி வரை 'ஹை பிட்ச்' என்ற உயர்ந்த சுருதியில் வாசித்தன. இன்றைய சுருதியில் 'ஏ' ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்றால், அவர்களுடையது ஏறக்குறைய 452. கிட்டத்தட்ட கால் ஸ்வரம் அதிகம். அந்தக் காலத்து ட்யூபா எவ்வளவு அழகாக இருந்தாலும், இன்றைய கீபோர்டோடும் டிரம்பெட்டோடும் ஒட்டாது. பி பிளாட் ட்யூபாவின் குழாய் மொத்தம் சுமார் 18 அடி. ஹை பிட்ச் ட்யூபாவை இன்றைய சுருதிக்கு இறக்க, மொத்தச் சுருதியையும் மாற்றும் மெயின் ஸ்லைடு வழியில் மட்டும் ஏறக்குறைய அரை அடி குழாய் கூட்ட வேண்டும், வால்வு ஸ்லைடுகளையும் அந்த விகிதத்தில் நீட்ட வேண்டும். செய்ய முடியாத வேலை இல்லை, ஆனால் செலவு. போன் ட்யூனரை வைத்து எந்த வால்வும் அழுத்தாமல் நீளமாக ஒரு ஸ்வரம் ஊதுங்கள். மெயின் ஸ்லைடை முழுக்க இழுத்தும் சுருதி இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, எந்த ட்யூபா? சர்ச் பேண்டில் சேரப்போகிறீர்கள் என்றால் அங்கே என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். பி பிளாட், ஈ பிளாட், எஃப் எல்லாவற்றுக்கும் விரல் வைப்பு வேறு. மூன்று வால்வுள்ளது பழகப் போதும். கீழ் ஸ்வரங்கள் சுத்தமாக வேண்டும் என்றால் நாலாவது வால்வு தேவை. பின்பக்கம் குட்டிக் குட்டிக் குழாய்கள் கூடுதலாக இருந்தால் அது வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது வரும் சுருதிப் பிசகைச் சரிசெய்யும் காம்பென்சேட்டிங் வகை; 1874இல் டேவிட் பிளேக்லி வடிவமைத்தது. அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தக் குட்டிக் குழாய்களில் அழுக்கு அடைத்திருந்தால் எளிதில் தெரியாது, நாலாவது வால்வை மற்றவற்றோடு சேர்த்து அழுத்தி ஊதினால்தான் தெரியும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் பொறுமைதான் வேண்டும். ஸ்லைடு சிக்கியிருந்தால் குறடு போட்டுத் திருகாதீர்கள், குழாய் முறுக்கிக்கொள்ளும். கேஸ் டார்ச்சையும் எடுக்காதீர்கள். இணைப்புகளைப் பிடித்துவைத்திருக்கும் ஈய சால்டர் சுமார் 185 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். ஸ்லைடு அசைவதற்கு முன்பே பக்கத்து இணைப்பு கழன்றுவிடும். இணைப்பு ஓரத்தில் ஊடுருவும் எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவிட்டு, ஸ்லைடின் வளைவில் கனத்த துணியைக் கோத்து நேராக வெடுக்கென்று இழுப்பது பழைய முறை. பெரும்பாலும் வந்துவிடும்.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். கொதிநீர் ஊற்றினால், பித்தளை கறுக்காமல் காக்கும் லாக்கர் பூச்சு உரிந்துவிடும். நம் வீட்டுப் பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கத்தில் ட்யூபாவுக்கும் தேய்க்கத் தோன்றும். வெறும் பித்தளையில் ஓரளவு தாங்கும். லாக்கர் பூசியதிலும் வெள்ளி முலாம் போட்டதிலும் வேண்டவே வேண்டாம், பிஸ்டன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மவுத்பீஸ் பக்கத்துக் குழாயில் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தால் தேய்த்துப் போக்க முயலாதீர்கள். அங்கே துத்தநாகம் வெளியேறி, உலோகமே பொடிந்துகொண்டிருக்கிறது. அந்தக் குழாயை மாற்ற வேண்டும். வால்வுக்குத் தேங்காய் எண்ணெயும் விடாதீர்கள். கொஞ்சம் குளிர்ந்தாலே உறைந்துபோகும். வால்வு எண்ணெய் என்றே தனியாக விற்கிறார்கள்.

விலை பேசும்போது இல்லாத பாகங்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுங்கள். கார்க்கும் ஃபெல்ட்டும் அற்பச் செலவு. அடிமூடி இல்லையென்றால் யோசிக்க வேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி மரை வேறு. பேண்டு வாத்தியங்கள் செய்யும் மீரட் ஜாலி கோட்டியில் புதிதாகச் செய்யும் மூடி பழைய லண்டன் ட்யூபாவில் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்லைடு ஒன்று காணவில்லை, பிஸ்டன் ஒன்று வேறு வாத்தியத்தினுடையது என்றால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். அப்புறம், மவுத்பீஸையும் கூடவே கேட்டு வாங்குங்கள். பழைய ஈ பிளாட் ட்யூபாக்கள் பலவற்றில் செருகும் துளை இன்றைய அளவைவிடச் சிறியது. கடையில் வாங்கும் புது மவுத்பீஸ் பாதியில் நின்றுவிடும்.