இடைவெளிக்குப் பின் மீண்டும் ஸ்கூட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் காலை நேரங்களில் ஸ்கூட்டர் பழக்கிவிடுவது என் வேலை. இப்போது என்னிடம் வருபவர்களில் புதிதாகக் கற்பவர்களைவிட, ஒரு காலத்தில் நன்றாக ஓட்டிவிட்டுப் பல ஆண்டுகள் வண்டியைத் தொடாமல் இருந்தவர்களே அதிகம். கல்லூரிக்கு ஸ்கூட்டியில் போய்வந்து, திருமணத்துக்குப் பிறகு பின்னிருக்கைக்கு மாறிய பெண்கள் இருக்கிறார்கள். சேத்தக்கில் அலுவலகம் போய், பிறகு காருக்கு மாறி, பணி ஓய்வுக்குப் பின் காரை நிறுத்த இடமில்லாத கடைத்தெருவுக்காக மீண்டும் இரு சக்கரத்துக்கு வரும் ஆண்களும் இருக்கிறார்கள். முதல் நாள் இவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "எனக்கு ஓட்டத் தெரியும் சார், கொஞ்சம் டச் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

தலைக்கவசம் அணியாமை, கைபேசியில் பேசிக்கொண்டு ஓட்டுவது போன்றவற்றை இங்கே நான் விட்டுவிடுகிறேன். அவை தவறென்று எல்லோருக்கும் தெரியும். தவறென்றே தெரியாமல், பல சமயம் வீட்டிலுள்ளவர்களின் அறிவுரைப்படியே செய்யப்படுபவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பழைய வண்டியின் பழக்கத்தைப் புதிய வண்டிக்குக் கொண்டுவருவது

சமநிலை மறப்பதில்லை என்பது உண்மை. பத்து நிமிடத்தில் வண்டி நேராக ஓடத் தொடங்கிவிடும். அதே அளவுக்குக் கைகால்களின் பழைய பழக்கமும் மறப்பதில்லை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. சேத்தக் போன்ற கியர் ஸ்கூட்டர்களில் இடது கையில் கிளட்ச், பின் பிரேக் வலது காலுக்குக் கீழே. இன்றைய கியர் இல்லாத ஸ்கூட்டரில் இடது கைப்பிடியில் இருப்பது பின் பிரேக், காலுக்குக் கீழே எதுவுமே இல்லை. இருபது ஆண்டுகள் சேத்தக் ஓட்டியவர், குறுக்கே ஒரு நாய் வந்ததும் வெறும் தரைப்பலகையை வலது காலால் ஓங்கி மிதிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர் நகர்கிறது. கால் ஏமாந்து, பிறகு கை விழித்துக்கொள்ள அரை நொடி ஆனால் ஐந்தரை மீட்டர் போய்விடும், அது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம்.

இதற்கு எதிரான இன்னொரு விபரீதமும் உண்டு. மெதுவாகப் போகும்போது கிளட்சைப் பிடிப்பதாக எண்ணி இடது கையை முழுக்க இறுக்குவார்கள். தெருமுனை மணலில் அப்படிச் செய்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கும். மோட்டார் பைக்கிலிருந்து ஸ்கூட்டருக்கு வருபவர்களுக்கும் இது பொருந்தும். ஆகவே நான் முதலில் ஓட்டச் சொல்வதில்லை, நிறுத்தத்தான் சொல்கிறேன். காலியான வீதியில் இருபதடிக்கு ஒருமுறை நிறுத்தி, மீண்டும் கிளம்பி, கால் தரைப்பலகையை மிதிப்பதை நிறுத்தும் வரை அதையே செய்யவேண்டும். பலருக்கு இது அவமானமாகப் படுகிறது. படட்டும்.

வண்டியில் ஏறாமலேயே ஆக்சிலேட்டரைத் திருகுவது

இந்தத் தவறு என்னை இன்றும் எரிச்சல்படுத்துகிறது. ஓடும் வண்டியில் விழுந்தவர்களைவிட, வாசலில் நின்றபடி வண்டியைத் தள்ளும்போது அடிபட்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசல் படிகளின் நடுவே, வண்டி ஏறுவதற்கென்று ஒரு முழ அகலத்தில் சிமெண்டால் சாய்தளம் பூசியிருப்பார்கள். அது பெரும்பாலும் செங்குத்தாகவே இருக்கும். ஸ்கூட்டரோ நூறு கிலோவையொட்டிய எடை கொண்டது. பழைய மொபெட்டை அலட்சியமாக ஏற்றியவருக்கு இப்போது ஐம்பது வயது, முழங்காலில் வலி. தள்ள முடியவில்லை என்றதும் திண்ணையிலிருந்து யோசனை வருகிறது: "ஸ்டார்ட் பண்ணி லேசா முறுக்கு, அதுவே ஏறிடும்." சொல்பவர் கணவராகவோ, அண்ணனாகவோ, எதிர்வீட்டுக்காரராகவோ இருப்பார். அவர் அப்படிச் செய்து ஒருமுறையும் விழாதவர் என்பதால்தான் அந்த யோசனைக்கு இவ்வளவு மதிப்பு.

லேசாக முறுக்குவது ஏன் லேசாக முடிவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டரில் இஞ்சின் மெதுவாகச் சுற்றும்வரை சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சுழற்சி ஒரு வேகத்தைத் தாண்டியதும், கிளட்சுக்குள் இருக்கும் கட்டைகள் சுழற்சி விசையால் வெளிப்புறம் விரிந்து, சுற்றியுள்ள உருளையைப் பற்றிக்கொள்கின்றன. சம தரையில் இது உறுத்தாது. சாய்தளத்தின் அடியில் முன் சக்கரம் முட்டி நிற்கும்போது, லேசாக முறுக்கினால் இஞ்சின் உறுமுகிறதே தவிர வண்டி அசைவதில்லை. "போதவில்லை" என்று இன்னும் கொஞ்சம் முறுக்குகிறோம். அந்தக் கொஞ்சத்தில் கிளட்ச் முழுமையாகப் பற்றிக்கொள்ள, வண்டி பாய்கிறது.

பாய்ந்த பிறகு நடப்பது அதைவிட மோசமானது. வண்டியின் இடப்பக்கம் நிற்பவரின் வலது கை, ஹேண்டில்பாரின் குறுக்கே நீண்டு ஆக்சிலேட்டர் பிடியைப் பற்றியிருக்கிறது. வண்டி முன்னே போகப் போக ஆள் பின்தங்குகிறார். பின்தங்கும் கை பிடியைத் தன் பக்கம் இழுக்கிறது. தன் பக்கம் இழுக்கும் திசையில்தான் ஆக்சிலேட்டர் திறக்கும். விழாமலிருக்க எவ்வளவு இறுகப் பிடிக்கிறாரோ அவ்வளவு வேகமாக வண்டி ஓடும். கையை விட்டால் நின்றுவிடும் என்பது அந்த நொடியில் யாருக்கும் தோன்றாது, ஏனெனில் விழும் பொருளைப் பிடித்துக்கொள்வதே மனித இயல்பு.

உத்திர வீதியில் ஓர் அம்மையார், மகன் வேலைக்குப் போனபின் மீண்டும் ஓட்ட வேண்டுமென்று ஆசைப்பட்டுப் புது வண்டி எடுத்தவர், வீதியில் மிக நிதானமாக ஓட்டினார். நான் இனி வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு வந்த வாரத்திலேயே, கணவரின் சொற்படி வண்டியை ஸ்டார்ட் செய்து சாய்தளத்தில் நடந்தபடி ஏற்றியிருக்கிறார். வண்டி ரேழியைத் தாண்டி முற்றத்துத் தூணில் மோதி நின்றது. மட்கார்டும் முகப்பு விளக்கும் உடைந்தன, அவை பணத்தோடு போயின. மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டதில், கட்டுப் பிரித்த பிறகும் அவர் சாவியைத் தொடவில்லை. நான் பார்க்கப் போயிருந்தபோது கணவர், "லேசாத்தான் சார் முறுக்கச் சொன்னேன்" என்றார். அந்த அம்மையார் எதுவும் சொல்லாமல் எனக்குக் காபி எடுத்துவர உள்ளே போனார், இடது கையால்.

செய்ய வேண்டியது இதுதான். வண்டியைத் தள்ளும்போது சாவி அணைந்திருக்க வேண்டும். இடப்பக்கம் நின்று, இருக்கையின் ஓரம் இடுப்பில் சாய்ந்திருக்குமாறு வைத்துக்கொண்டு, இரு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளுங்கள். பின்னோக்கி இறக்கும்போது விரல்கள் பிரேக்கின் மேல் இருக்கட்டும். தனியாகத் தள்ள முடியாத சாய்தளம் என்றால், வண்டியில் உட்கார்ந்து நேராக ஏற்றுங்கள், அல்லது ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். இரண்டும் இயலாவிட்டால் கொத்தனாரை அழைத்துச் சாய்தளத்தை நீளமாக்குங்கள். அதன் செலவு மாவுக்கட்டின் செலவைவிடக் குறைவு.

இதே தவறுக்கு வேறு முகங்களும் உண்டு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வண்டியை முன்னே தள்ளி இறக்குவது ஒன்று. காலையில் குளிர்ந்திருக்கும் பழைய வண்டியில் சோக்கை இழுத்து வைத்திருந்தால் இஞ்சின் வேகமாகச் சுற்றும், சக்கரம் தரையைத் தொட்ட மாத்திரத்தில் ஓடும். பிரேக்கைப் பிடித்தால்தான் பொத்தானில் ஸ்டார்ட் ஆகும்படி வண்டியை வடிவமைத்திருப்பது இப்படிப்பட்ட பாய்ச்சலைத் தடுக்கத்தான். உதைத்து ஸ்டார்ட் செய்யும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை.

இன்னொன்று குழந்தைகள். முன்னால் குழந்தையை நிற்கவைத்து, இஞ்சினை அணைக்காமல் இறங்கிக் கடையில் பால் பாக்கெட் வாங்குகிறார்கள். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆக்சிலேட்டர் பிடி இருக்கிறது, அப்பா முறுக்குவதை அது தினமும் பார்த்துக்கொண்டுதான் வருகிறது. மின்சார ஸ்கூட்டரில் ஆபத்து இரட்டிப்பாகிறது. வண்டி உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல அங்கே சத்தமே இல்லை, கிளட்ச் பற்றும்வரை கிடைக்கும் அந்தச் சிறு தாமதமும் இல்லை. முறுக்கியவுடன் போகும். நான் பழக்குபவர்களுக்கு ஒரே விதிதான்: இருக்கையை விட்டு எழும் முன் சாவியை அணைக்க வேண்டும், கேட்டைத் திறக்க இறங்கினாலும் கூட.

முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று நம்புவது

"முன் பிரேக் பிடித்தால் குடைசாய்ந்துவிடும்" என்ற எச்சரிக்கை எல்லா வீட்டிலும் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை மட்டும் இறுக்கினால் அது வழுக்குமே தவிர வண்டி சீக்கிரம் நிற்காது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துவதே சரி. ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும், மணல், சாணம், மழையில் நனைந்த வெள்ளைக்கோடு ஆகியவற்றின் மேலும் முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்குவதுதான் ஆபத்து.

2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் இணைப்பு பிரேக்காவது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸாவது கட்டாயம். ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இருப்பது இணைப்பு பிரேக். இடது பிடியை அழுத்தினால் முன் சக்கரத்துக்கும் ஒரு பங்கு போகும். முன் பிரேக்கையே தொட்டதில்லை என்று பெருமைப்படுபவர்கள், தமக்குத் தெரியாமலேயே அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

காலைத் தொங்கவிட்டபடி ஓட்டுவது

வண்டி ஏறக்குறைய நின்ற பிறகுதான் கால் தரைக்கு வரவேண்டும். கால் பிரேக் அல்ல.

கிடப்பில் கிடந்த வண்டியை அப்படியே எடுப்பது

மாடிப்படிக்கு அடியில் போர்வை போர்த்திக் கிடந்த வண்டியைத் துடைத்து, பெட்ரோல் ஊற்றி, காற்றடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2318 என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகும், பள்ளங்களில் மயிரிழை விரிசல்கள் தெரியும். பட்டை தேயவில்லையே என்று அதை நம்பக் கூடாது. பிரேக் கேபிள் துருப்பிடித்திருந்தால் பிடித்த பிரேக் விடாது. பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். 2020-க்குப் பின் வந்த, எரிபொருளைப் பீய்ச்சும் முறையில் இயங்கும் வண்டிகளில் பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் உதைத்தும் பயனிருக்காது. மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

முகப்பு விளக்கின் சுவிட்சைத் தேடுவது

2017 ஏப்ரலிலிருந்து புதிய இரு சக்கர வண்டிகளில் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்படி செய்துவிட்டார்கள். பகலில் விளக்கு எரிகிறதே என்று எதிரே வருபவர் இன்னமும் கையைக் குவித்து விரித்துச் சைகை காட்டுவார். இல்லாத சுவிட்சைக் குனிந்து தேடி, ஒருவர் அம்மா மண்டபம் சாலையில் தள்ளுவண்டியில் முட்டினார்.

முதல் வாரமே பின்னால் ஆளை ஏற்றுவது

வேண்டாம்.

காற்றைக் கணக்கில் எடுக்காதது

ஆடி மாதத்தில் காவிரிப் பாலத்திலும் கொள்ளிடப் பாலத்திலும் பக்கவாட்டுக் காற்று வண்டியையே நகர்த்தும். பேருந்து ஒன்று பக்கத்தில் வரும்போது காற்று சட்டென்று மறைபடும், அது கடந்ததும் மறுபடி அறையும். பயந்து இறுகப் பிடிப்பவரின் வண்டிதான் அதிகம் ஆடும். பிடியைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, பாலத்தின் கைப்பிடிச் சுவரோடு ஒட்டாமல் ஓட்டுங்கள். முதல் மாதத்தில் அந்தப் பாலங்களை விடிகாலையில் மட்டும் கடப்பது நல்லது.

உரிமத்தை எடுத்துப் பார்க்காதது

2003-இல் இருபது வயதில் எடுத்த ஓட்டுநர் உரிமம் 2023-இல் காலாவதியாகியிருக்கும். பலர் அதை அடையாள அட்டையாகப் பணப்பையில் வைத்திருப்பார்களே தவிர, தேதியைப் பார்த்திருக்க மாட்டார்கள். முடிந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். ஓராண்டைத் தாண்டிவிட்டால் மீண்டும் ஓட்டிக்காட்ட வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவச் சான்றிதழும் தேவை. செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் முதலில் எழுப்பும் கேள்வி அதைப் பற்றியதாகத்தான் இருக்கும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எட்டுப் போடச் சொல்வார்களே என்று தயங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கால் ஊன்றாமல் எட்டுப் போட முடியாதவர் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஓட்ட இன்னும் தயாராகவில்லை.